பிரான்ஸ் வழியா, சிவாஜிநகர் வழியா?

பிரான்சில் 1905 முதல் அரசு வேறு, மதம் வேறு. 2004இல் அரசுப் பள்ளிகளில் முக்காடு, தலைப்பாகை, பெரிய சிலுவை எல்லாவற்றுக்கும் தடை வந்தது. பள்ளிக்குள் அனைவரும் ஒன்று. அடையாளம் வீட்டோடு சரி.

நம் அரசியல் சட்டம் அப்படியில்லை. 25ஆவது பிரிவு, சீக்கியர் கிர்பான் என்னும் குறுவாள் அணிவதையே மத உரிமை என்கிறது. பெங்களூரு சிவாஜிநகரில் செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். காவிச் சேலையும் கையில் மெழுகுவத்தியுமாகப் பெண்கள் நிற்பார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவர்களும் அதில் உண்டு. பூக்கார அக்கா நம்மிடம் தமிழில் விலை சொல்லி, அடுத்தவரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்பார்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் 2022இல் இதே கர்நாடகத்தில், முஸ்லிம் மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே முக்காட்டைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.