புளியங்கொட்டையா, பத்து ரூபாயா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் திண்ணையில் முதலில் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்துத்தான் போக்கர் சீட்டாட்டம் ஆடினோம். எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) பெரிது, எப்போது ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) என்பதெல்லாம் மனதில் பதிய அது போதும். ஆனால் கொட்டை போனால் யாருக்கு வலிக்கும்? ஒருவரும் சீட்டைக் கவிழ்த்து விலகுவதில்லை. கையில் இரண்டு ஏஸ் இருந்தால் ஏதோ ஒரு கையை எதிர்த்து ஜெயிக்க சுமார் 85 சதவீத வாய்ப்பு. எதிரே நான்கு பேர் கடைசிவரை நின்றால் 56தான். பிளஃப், அதாவது மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு போல மிரட்டுவது, அதைப் பழகவும் வழியில்லை.

காசு வைத்தபோது, கொட்டையை அள்ளிப் போட்ட அதே மாமா பத்து ரூபாய் நாணயத்தை விரலில் உருட்டி உருட்டி, அப்புறம் சீட்டைக் கவிழ்த்தார். அந்தத் தயக்கத்தைப் படிக்கத்தான் காசு வேண்டியிருக்கிறது, தோற்றாலும் வீட்டுச் செலவைத் தொடாத அளவுக்கு மட்டும். ஆன்லைனில் அதுவும் கிடையாது, 2025 மத்தியச் சட்டம் பண ஆட்டத்தைத் தடை செய்துவிட்டது.