"எல்லா நம்பரும் மேட்சிங்"னு விக்குற இஷாப்பூர் த்ரீ நாட் த்ரீ வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

இங்க அமெரிக்கால பழைய மிலிட்டரி ரைஃபிள் சேகரிக்கிற நம்ம ஆளுங்க கொஞ்சப் பேர் இருக்கோம், அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு, நீளமா போகும், பொறுத்துக்கங்க. வெளிநாட்டு ராணுவக் கிடங்குல இருந்து கன்டெய்னர்ல இறக்கி ஆன்லைன்ல விக்குற ஒரு இம்போர்ட்டர் கிட்ட இஷாப்பூர் த்ரீ நாட் த்ரீ, அதாவது இந்தியால இஷாப்பூர் ஃபேக்டரில செஞ்ச .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள், ஒன்னு வாங்குனேன். வந்து சேர்ந்தது, இனிமே சுடவே கூடாதுன்னு ராணுவமே கழிச்சுப் போட்ட துப்பாக்கி. அதை மறைச்சு பெயிண்ட் அடிச்சு, நம்பரை அரைச்சு வேற நம்பர் குத்தி, "ஆல் மேட்சிங் (எல்லா பாகத்துலயும் ஒரே சீரியல் நம்பர்), வெரி குட் கண்டிஷன்"னு வித்திருக்காங்க. பணம் போனதை விடுங்க, விவரம் தெரியாத யாராவது அதுல ஒரு ரவுண்டு போட்டுச் சுட்டிருந்தா மூஞ்சியும் கையும் என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது. கார்டு கம்பெனில டிஸ்பியூட் ஓடிட்டு இருக்கறதால கடை பேரை இங்க போடல.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1968ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட் வெளிநாட்டு ராணுவ சர்ப்ளஸ் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திடுச்சு, 1984ல சட்டத்தைத் திருத்தி "கியூரியோ அண்ட் ரெலிக்" வகைல வர்ற பழைய துப்பாக்கிகளை மட்டும் லைசன்ஸ் உள்ள இம்போர்ட்டர் கொண்டு வரலாம்னு கதவைத் தொறந்தாங்க. பொதுவா செஞ்சு 50 வருஷம் தாண்டியிருந்து, மாத்தாம பழைய ரூபத்துலயே இருந்தா இந்த வகைல சேரும். சேகரிக்கறவங்களுக்குன்னு ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி விவகாரத்தைப் பாக்கற ஃபெடரல் ஏஜென்சி, தனியா ஒரு லைசன்ஸ் குடுக்குது, டைப் 03, மூணு வருஷத்துக்கு 30 டாலர். அது இருந்தா வேற ஸ்டேட்ல இருந்து வாங்குனாலும் ரைஃபிள் நேரா வீட்டுக்கே வரும், நம்ம ஒரு ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சுக்கணும். விசால இருக்கிறவங்க கவனிங்க, எச்-ஒன்-பில இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கறது பொதுவா தடை, ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான், அதனால வக்கீல் கிட்ட கேக்காம இதுல கை வைக்காதீங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போற ஆசையும் வேண்டாம், இந்தியால த்ரீ நாட் த்ரீ சிவிலியனுக்குத் தடை செஞ்ச போர் (குழல் அளவு), அதனாலதான் அங்க அதே ஆக்ஷனை (தோட்டாவை ஏத்திச் சுடற அமைப்பை) வெச்சு .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்னு தனியா செஞ்சு வித்தாங்க.

இஷாப்பூர் ஏன்னு கேட்டீங்கன்னா, கல்கத்தா பக்கத்துல ஹூக்ளிக் கரைல இருக்கற அந்த ஃபேக்டரில செஞ்ச லீ என்ஃபீல்டை ரெண்டாம் உலகப்போர்ல நம்ம நாட்டு ஆளுங்க வட ஆப்பிரிக்கால, இத்தாலில, பர்மால தூக்கிட்டு நடந்திருக்காங்க. 25 லட்சம் பேர் இருந்த படை. இங்க கலெக்டர்ஸ் நிறைய பேர் இங்கிலாந்துல என்ஃபீல்டு ஃபேக்டரில செஞ்சதைத்தான் தேடுவாங்க, இஷாப்பூர்னா கொஞ்சம் எளக்காரமாத்தான் பாப்பாங்க. எனக்கு அதுதான் வேணும். ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல சென்ட்ரி தோள்ல தொங்குனது அதே டிசைன்தான், உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்துலதான் அதுக்கு விடை குடுத்தாங்க. அப்படி ஒரு சரித்திரம் இருக்கற பொருளை ஒருத்தன் கிரைண்டர் வெச்சு அரைச்சிருக்கான்னா அதை சும்மா ஒரு வியாபார ஏமாத்துன்னு விட எனக்கு மனசு வரல.

விளம்பரத்துல என்ன இருந்துச்சுன்னா, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் (இது மாடல் பேரு), இஷாப்பூர், 1940கள், எல்லா நம்பரும் மேட்சிங், போர் (குழலோட உள்பக்கம்) நல்லா இருக்கு, கண்டிஷன் வெரி குட். படம் ஒன்னுதான், அதுவும் "மாதிரிப் படம்". அதுக்கு மேல கொஞ்சம் காசு குடுத்தா "ஹேண்ட் செலக்ட்", அதாவது குவியல்ல இருந்து அவங்களே பாத்து நல்லதா எடுத்துக் குடுப்பாங்களாம். அதையும் கட்டுனேன். ஷிப்மென்ட் துறைமுகத்துல நிக்குது, பேப்பர் வரணும்னு சொல்லிச் சொல்லி இழுத்தடிச்சாங்க, இறக்குமதில தாமதம் சகஜம், ஏடிஎஃப் பர்மிட்டு, கஸ்டம்ஸுன்னு நெறைய இருக்கு, அதை நான் குத்தமா சொல்லல.

பெட்டியைத் தொறந்ததும் மொதல்ல கண்ணுல பட்டது இம்போர்ட் மார்க். இறக்குமதி பண்றவங்க அவங்க பேரு, ஊரு, செஞ்ச நாடு, மாடல், கேலிபர் எல்லாம் துப்பாக்கில பொறிக்கணும்ங்கறது சட்டம், எழுத்து ஆழம் ஒரு இஞ்சுல ஆயிரத்துல மூணு பங்கு இருக்கணும்னு வரைக்கும் விதி இருக்கு. ஆனா எங்க பொறிக்கறதுங்கறது அவங்க கைலதான் இருக்கு. அக்கறை உள்ளவங்க பாரல் அடிப்பக்கம், முனை கிட்ட, சின்னதா போட்டுட்டுப் போயிடுவாங்க. இவங்க கிரீடமும் ஃபேக்டரி முத்திரையும் இருக்கற எடத்து மேலயே பெருசா லேசர்ல கிழிச்சிருந்தாங்க, வருஷத்தோட கடைசி நம்பர் படிக்கவே முடியல.

ரைஃபிள் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். இந்திய ராணுவம் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுதான் வெச்சிருந்தாங்க, அதனால அது சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்ல. ஆனா ரிசீவர் (பாரலும் போல்ட்டும் பொருந்தற நடு பாகம்) வளையத்துக்கிட்ட மட்டும் பெயிண்ட் வாசனை இன்னும் போகல, தொட்டுப் பாத்தா ஒரு சின்னப் பள்ளம். பின்கட்டையோட நிறம் முன்கட்டையோட சேரல. தோட்டாவை உள்ள தள்ளி மூடற போல்ட்டோட கைப்பிடில இருந்த நம்பர் ரிசீவர் நம்பரோட சரியாத்தான் இருந்துச்சு, ஆனா எழுத்து கூர்மையா, நேத்து குத்துன மாதிரி பளபளன்னு.

சுடறதுக்கு முன்னாடி துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் கிட்ட காட்டறது என் வழக்கம். எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருக்காரு, வியட்நாம்ல ஆர்மரரா, அதாவது படைல ஆயுதம் பராமரிக்கறவரா இருந்தவர், லீ என்ஃபீல்டுன்னா அவருக்கு உசிரு. மொதல்ல ஹெட்ஸ்பேஸ் பாத்தாரு. போல்ட்டை மூடுனப்புறம் தோட்டாவோட அடி விளிம்பு உக்கார்றதுக்கு எவ்வளவு எடம் இருக்குங்கற அளவு அது, த்ரீ நாட் த்ரீக்கு 0.064 இஞ்சு கேஜ் (அளவு பாக்கற கருவி) போட்டா போல்ட் மூடணும், ராணுவக் கணக்குப்படி 0.074 கேஜ் போட்டா மூடவே கூடாது. இதுல 0.074 போட்டதும் வெண்ணெய்ல கத்தி எறங்குன மாதிரி மூடிக்கிச்சு. அவர் ஒன்னும் பேசல, அசிட்டோன் பஞ்சை எடுத்து ரிசீவர் மேல தேச்சாரு, பெயிண்ட் கரைஞ்சு அரைச்ச தடம் தெரிஞ்சுது, லைட்டைச் சாய்ச்சுப் புடிச்சா அதுக்கு அடில லேசா ரெண்டு எழுத்து, டி, பி.

ஸ்கூல்லயோ காலேஜ்லயோ என்சிசில இருந்தவங்களுக்கு இது என்னன்னு சொல்லவே வேண்டாம். டிபின்னா டிரில் பர்ப்பஸ். தேஞ்சு போயி, இனி சுடறதுக்கு லாயக்கில்லன்னு ஆன ரைஃபிளைப் பரேடுக்கு மட்டும்னு ஒதுக்கி, ரிசீவர்லயும் பாரல்லயும் கட்டைலயும் அந்த எழுத்தைக் குத்திடுவாங்க, பல துப்பாக்கில சேம்பர்ல (பாரல்ல தோட்டா உக்கார்ற எடம்) ஓட்டையே போட்டு வெச்சிருப்பாங்க, யாரும் தப்பித்தவறி தோட்டா போட்டுடக் கூடாதுன்னு. அந்த எழுத்து அங்க இருக்கறதே ஒரு உயிரைக் காப்பாத்தத்தான். பெரியவர் முன்கட்டையைக் கழட்டுனாரு, சேம்பர் பக்கவாட்டுல கட்டைக்குள்ள மறையற எடத்துல ஓட்டையை வெல்ட் வெச்சு அடைச்சு அரத்தால தேச்சு விட்டிருந்தாங்க. த்ரீ நாட் த்ரீ தோட்டா வெடிக்கறப்ப சேம்பருக்குள்ள சதுர இஞ்சுக்கு 49 ஆயிரம் பவுண்டு வரைக்கும் அழுத்தம் வரும். அந்த வெல்டு அதைத் தாங்குமா? கன்னத்தை ஒட்டி வெச்சுச் சுடற துப்பாக்கி சார் அது.

போல்ட்டு கதையும் அதேதான். கைப்பிடில பழைய நம்பரை அரைச்சு எடுத்துட்டு ரிசீவர் நம்பரைப் புதுசா குத்தியிருக்காங்க. ராணுவ ஒர்க்ஷாப்புலயே போல்ட் மாத்தி நம்பர் மாத்தறது உண்டு, அதுல தப்பு இல்ல, ஆனா அவங்க பழைய நம்பரை அழிக்க மாட்டாங்க, மேல ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல புதுசு குத்துவாங்க, பாத்தாலே கதை தெரியும். அதுவுமில்லாம நம்பர் 1 ரைஃபிள்ல போல்ட் ஹெட்டை (போல்ட்டோட முன் நுனியை) ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பாத்துப் பொருத்தியிருப்பாங்க, அடுத்து வந்த நம்பர் 4 மாடல்ல இருக்கற மாதிரி அளவு வாரியா 0, 1, 2, 3ன்னு மாத்திக்க முடியாது, அதனால எங்கிருந்தோ எடுத்த போல்ட்டைச் சொருகி நம்பரை மட்டும் மேட்ச் பண்ணா ஹெட்ஸ்பேஸ் இப்படித்தான் போகும். சட்டப்படி ரிசீவர்ல இருக்கற சீரியல் நம்பரைத் தொட்டாத்தான் ஃபெடரல் குத்தம், போல்ட் நம்பர் அதுல வராது, அது தெரிஞ்சுதான் இந்த வேலை பண்றாங்கன்னு நான் நெனைக்கறேன்.

இப்ப கடைக்காரங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. மொத நாள் ரொம்ப மரியாதையா பேசுனாங்க, போட்டோ அனுப்புங்க சார்னாங்க. அனுப்புனேன், கன்ஸ்மித் லெட்டரோட. அதுக்கப்புறம் வந்த பதில்: "முன்கட்டை கழட்டப்பட்டிருக்கறதால ரிட்டர்ன் கிடையாது." பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அப்படித்தான் இருக்கு, பிரிச்சுப் பாத்தா ரிட்டர்ன் இல்ல. அதே பொடி எழுத்துல இன்னொரு வரி, "சுடறதுக்கு முன்னாடி தகுதியுள்ள கன்ஸ்மித் கிட்ட பரிசோதிக்கவும்." ரெண்டையும் சேத்துப் படிங்க. கட்டையைக் கழட்டாம வெல்டு தெரியாது, கழட்டுனா பணம் திரும்ப வராது. பரிசோதிக்கச் சொல்றதும் அவங்கதான், பரிசோதிச்சதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கறதும் அவங்கதான். இது தெரியாம எழுதுன வரி இல்ல.

நான் விடல. ஹேண்ட் செலக்ட்னு காசு வாங்குனீங்களே, யார் பாத்து எடுத்தாங்க, அவங்க கண்ணுல அரைச்ச தடம் படலையான்னு கேட்டேன். "இது கலெக்டர் ஐட்டம், சுடறதுக்குன்னு நாங்க விக்கல"ன்னு பதில். விளம்பரத்துல போர் நல்லா இருக்குன்னு போட்டது அப்ப எதுக்கு? சரி, கடைசில பெரிய மனசு பண்ணி ரீஸ்டாக்கிங் சார்ஜ் புடிச்சுக்கிட்டு எடுத்துக்கறோம்னாங்க, அனுப்பற செலவு என்னோடதாம். யூபிஎஸ், ஃபெடெக்ஸ் எல்லாம் தனி ஆள் கிட்ட துப்பாக்கி பார்சல் வாங்கறதை நிறுத்திட்டாங்க, அவங்க வழியா அனுப்பணும்னா உள்ளூர் டீலருக்குக் காசு குடுத்து அவர் மூலமாத்தான் அனுப்பணும். எல்லாம் கழிச்சா கைக்கு வர்றது பாதிக்குக் கொஞ்சம் மேல. அதை விட எனக்கு உறுத்துனது, திருப்பி அனுப்புனா அதே துப்பாக்கியை மறுபடி பெயிண்ட் அடிச்சு இன்னொருத்தருக்கு வித்துடுவாங்க. அதனால அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன்.

கார்டு கம்பெனில "சொன்னபடி பொருள் இல்ல"ன்னு டிஸ்பியூட் போட்டேன். மொத ரவுண்டுல கடைக்காரங்க அந்தப் பொடி எழுத்தை அனுப்பி ஜெயிச்சுட்டாங்க. நான் விளம்பரப் பக்கத்தை ஆர்டர் பண்ண அன்னைக்கே பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன், நான் புகார் பண்ணப்புறம் அந்தப் பக்கத்துல "மேட்சிங்"ங்கற வார்த்தை காணாம போயிடுச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கன்ஸ்மித் லெட்டரையும் சேத்து அப்பீல் போட்டிருக்கேன். ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல நுகர்வோர் புகாரும் குடுத்தாச்சு.

சர்ப்ளஸ்னாலே இப்படித்தான் இருக்கும், குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டுப் பொலம்பக் கூடாதுன்னு சிலர் சொல்றாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேன். 2003ல காத்மாண்டுல பழைய அரண்மனைல இருந்த ஆயுதக் கிடங்கை அப்படியே வாங்கி இங்க கொண்டு வந்தாங்க, மார்ட்டினி ஹென்றி, ஸ்னைடர், நேபாளத்துலயே செஞ்ச கஹேந்திரான்னு எல்லாம், நூறு வருஷ அழுக்கோட இருந்ததை அழுக்கோடன்னு சொல்லித்தான் வித்தாங்க, வாங்குனவங்களும் தெரிஞ்சு வாங்குனாங்க. அலபாமால சிஎம்பின்னு ஒரு அமைப்பு எம்1 கேரண்டு ரைஃபிள் விக்குது, அமெரிக்க சிட்டிசனுக்கு மட்டும், அவங்க ஹெட்ஸ்பேஸ் பாத்து, சுட்டுப் பாத்து, ரேக், ஃபீல்டு, சர்வீஸ்னு தரம் பிரிச்சு, எதுல என்ன கொறை இருக்கும்னு எழுதியே விக்கறாங்க. கட்டை வெடிச்சிருக்கட்டும், போர் துருப்புடிச்சிருக்கட்டும், நம்பர் மேட்ச் ஆகாம இருக்கட்டும், சொல்லிட்டு வித்தா சந்தோஷமா வாங்கலாம். டிபி ரைஃபிளைக் கூட டிபின்னே சொல்லி வித்திருந்தா செவுத்துல மாட்டறதுக்கு நானே வாங்கியிருப்பேன்.

அதனால இதுக்கப்புறம் வாங்கறவங்க, மாதிரிப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீங்க, உங்களுக்கு வரப்போற அதே துப்பாக்கியோட ரிசீவர் வளையம், போல்ட் கைப்பிடி, மூக்குப் பக்கம் நோஸ் கேப்ல இருக்கற நம்பர், இதையெல்லாம் போட்டோ கேளுங்க, இம்போர்ட் மார்க் எங்க போட்டிருக்குன்னும் கேளுங்க, குடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க. ஹெட்ஸ்பேஸ் பாத்தாச்சான்னு ஈமெயில்ல கேட்டு ஈமெயில்லயே பதில் வாங்குங்க, போன்ல சொன்னது எதுக்கும் ஆகாது. கன்ஸ்மித் கிட்ட பிரிச்சுப் பாத்தா ரிட்டர்ன் உண்டான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க.

கடைசியா முக்கியமான விஷயம். கடந்த ஒரு வருஷத்துக்குள்ள 1940கள் இஷாப்பூர் நம்பர் 1 ரைஃபிள், முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், முத்திரை மேலயே பெரிய லேசர் மார்க்கோட யாராவது வாங்கியிருந்தா தயவு செஞ்சு இப்போதைக்குத் தோட்டா போடாதீங்க. ரிட்டர்ன் போயிடுமேன்னு பாக்காம முன்கட்டையைக் கழட்டி சேம்பர் ரெண்டு பக்கமும் பாருங்க, பெயிண்ட் சொரசொரன்னு இருந்தா அங்க அசிட்டோன் தேச்சுப் பாருங்க. எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எந்த எடத்துல அரைச்சிருக்காங்கன்னு க்ளோசப் படமும், கன்ஸ்மித் எழுதுன லெட்டர் மாதிரியும், டிஸ்பியூட்டுக்கு எப்படி எழுதணும்ங்கறதும் அனுப்பி வைக்கறேன்.