கராஜ் சேல் போடணுமா: டல்லாஸா, ஹூஸ்டனா?

ரெண்டும் டெக்சாஸ்தான், ஆனா வீட்டு முன்னாடி பழைய சாமான் விக்கிற விஷயத்துல ரெண்டு ஊருக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. டல்லாஸ்ல முதல்ல சிட்டிகிட்ட ஃபீஸ் கட்டி பர்மிட் வாங்கணும், 12 மாசத்துல ரெண்டு தடவைதான் விக்கலாம், ஒரு தடவைக்கு தொடர்ந்து 3 நாள் வரைக்கும், அவ்ளோதான்.

ஹூஸ்டன்ல சிட்டி பர்மிட்டே கேக்காது. அதுக்காக நிம்மதியா டேபிளைப் போட்டுடாதீங்க, அங்க ஸோனிங் சட்டமே (எந்த இடத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்னு சிட்டி வகுக்கிற சட்டம்) கிடையாது, அதனால பல ஏரியாக்கள்ல வீட்டுப் பத்திரத்துலயே கட்டுப்பாடு எழுதி வெச்சிருப்பாங்க, எச்ஓஏ, அதாவது அந்த ஏரியா வீட்டுக்காரங்க சங்கம், இருந்தா அது வேற தனியா ரூல் போட்டிருக்கலாம், அதையெல்லாம் தேடிப் படிக்கிறது உங்க தலைல. என்னைக் கேட்டா டல்லாஸ்தான் பரவால்ல, ஃபீஸ் போனாலும் எது கூடும் எது கூடாதுன்னு ஒரே இடத்துல தெரிஞ்சிடுது. ஆனா அங்கயும் எச்ஓஏ இருந்தா அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

சேல்ஸ் டாக்ஸ் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். சொந்தமா யூஸ் பண்ண சாமானை மட்டும் வித்து வருஷத்துக்கு 3,000 டாலரைத் தாண்டலைன்னா ஸ்டேட்டுக்கு வரி வசூலிக்க வேண்டியதில்ல.

அப்புறம் குழந்தைத் தொட்டில், தயவுசெஞ்சு இதைக் கவனிங்க: பக்கவாட்டுக் கம்பி கீழ இறங்குற மாடல் 2011 ஜூன்ல இருந்து நாடு முழுக்க தடை, கராஜ் சேல்லயும் விக்கக் கூடாது, குழந்தைங்க அதுல மாட்டி இறந்திருக்காங்க. சும்மா கூட யாருக்கும் குடுக்காதீங்க, உடைச்சுப் போட்டுடுங்க.