கோடையில் சட்டப் பயிற்சி: மதுரைப் பிள்ளைகளுக்கு எந்த வழி?

பிளஸ் ஒன் முடித்த பிள்ளை "நான் லா படிக்கப் போறேன்" என்று சொன்னதும் வீட்டில் அடுத்த வேலை, கோடை விடுமுறையில் அதற்கு ஏதாவது வகுப்பு இருக்கிறதா என்று விசாரிப்பது. இன்றைக்கு மதுரையில் உட்கார்ந்தபடி விசாரித்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் நேரடியாகவோ, அங்கிருந்து ஆன்லைனிலோ நடக்கும் சட்ட முகாம்கள். வட இந்தியத் தனியார் பல்கலைக்கழகங்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் நடத்தும் கோடைப் பள்ளிகள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வுக்கு உள்ளூர்ப் பயிற்சி மையங்கள் நடத்தும் ஃபவுண்டேஷன் வகுப்புகள். அப்புறம் யாரும் போஸ்டர் ஒட்டாத நான்காவது வழி: ஊர் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததை வைத்துப் பள்ளியிலேயே ஒரு மாதிரி விசாரணை நடத்துவது.

என் ஓட்டு நான்காவதற்கு. எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சான்றிதழ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர எந்தக் கோடை முகாம் சான்றிதழும் அரை மதிப்பெண் வாங்கித் தராது. மதுரை அரசு சட்டக் கல்லூரி உட்பட, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி போன்றவற்றுக்கு கிளாட். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அய்லெட் என்று தனித் தேர்வு. அமெரிக்காவில் சட்டம் என்பதே ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற படிப்பு. பதினாறு வயதில் செய்த முகாம் அங்குள்ள சட்டக் கல்லூரி வாசலைத் திறக்காது. வெளிநாட்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு மட்டும் கட்டுரையில் எழுத ஒரு பத்தி கிடைக்கும். ஆகவே முகாமின் பயன் ஒன்றுதான்: இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று பிள்ளை தானே தெரிந்துகொள்வது.

அதைத் தெரிந்துகொள்ள மாதிரி விசாரணையைவிட நல்ல கருவி இல்லை. சட்டக் கல்லூரிகளில் அதிகம் நடப்பது மூட் கோர்ட். அங்கே நடந்தது என்ன என்பதில் சண்டை இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் முன்னால் வாதாடுவார்கள். மாதிரி விசாரணையில் நடந்ததே என்ன என்பதுதான் சண்டை. சாட்சி கூண்டில் ஏறுவார், அவரை அழைத்த தரப்பு வக்கீல் கேட்பது முதல் விசாரணை, எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பது குறுக்கு விசாரணை என்று போகும். பள்ளிப் பிள்ளைக்குச் சட்டப் புத்தகம் தெரியாமலே இதைச் செய்ய முடியும். காது மட்டும் கூர்மையாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மதுரை பட்டிமன்றத்துக்குப் பேர் போன ஊர். பேச்சுப் போட்டியில் கப் வாங்கிய பிள்ளையைத்தான் ஆசிரியர்கள் வக்கீல் வேடத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை சாட்சியிடம் கேள்வி கேட்காமல் சாட்சிக்குப் பிரசங்கம் செய்கிறது. ஒரு சின்ன வழக்கை வைத்துச் சொல்கிறேன். மாட்டுத்தாவணியில் ஒரு செல்போன் திருட்டு. டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்த சாட்சி. குறுக்கு விசாரணை இப்படிப் போகலாம்: "அப்போது நீங்கள் டீ ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்?" ஆமாம். "அடுப்பு பின்சுவரை ஒட்டி இருக்கிறது?" ஆமாம். "டீ ஆற்றும்போது முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்?" ஆமாம். இங்கே உட்கார்ந்துவிட வேண்டும். பேச்சுப் போட்டிக்காரரால் உட்கார முடியாது. கையை நீட்டி, "அப்படியானால் பின்னால் நடந்த திருட்டை எப்படி ஐயா பார்த்தீர்கள்?" என்று கேட்டே தீருவார். "சுவத்துல பெரிய கண்ணாடி மாட்டியிருக்கேன் தம்பி, கடையில பாதிப் பேரு அதுலதான் தலை சீவுவான்" என்று பதில் வரும். வழக்கு அங்கேயே முடிந்தது. வகுப்பில் கையே தூக்காத, ஆனால் அடுத்தவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்கிற பிள்ளை பல நேரம் இதில் நன்றாக வருகிறது. வாயாடுகிற பிள்ளைதான் வக்கீலுக்கு லாயக்கு என்ற கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இந்தப் பயிற்சியை முறையாகத் தருவதில் அமெரிக்க முகாம்களுக்குத்தான் முதலிடம், மறுக்க முடியாது. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தேசிய அளவிலான மாதிரி விசாரணைப் போட்டியே 1984 முதல் நடக்கிறது. சாட்சிகளின் வாக்குமூலம், வரைபடம், ஆவணங்கள் எல்லாம் அடங்கிய ஒரு வழக்குக் கட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று வழக்கறிஞர், மூன்று சாட்சி என்பது பரவலான வழக்கம், சாட்சிகளும் மாணவர்களே. காலையில் அரசுத் தரப்பில் வாதாடிய அணி மதியம் எதிர்த் தரப்பில் வாதாட வேண்டும். எந்தக் கேள்விக்கு ஆட்சேபம் எழுப்பலாம், எந்தக் காரணம் சொல்லி எழுப்பலாம் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். தங்கிப் படிக்கும் முகாம் என்றால் கட்டணம் மட்டும் ஆயிரக்கணக்கான டாலர், விமானமும் விசாவும் தனி. அதைவிட நாள்காட்டி இடிக்கிறது. அவர்களுடைய கோடை ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை. நமக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும். பிளஸ் டூ பிள்ளையை அந்த நேரத்தில் மூன்று வாரம் அனுப்ப எந்தத் தலைமை ஆசிரியர் சம்மதிப்பார்? ஆன்லைன் என்றால் நியூயார்க்கில் காலை 10 மணி வகுப்பு இங்கே இரவு 7.30. அது பரவாயில்லை. கலிஃபோர்னியாவின் காலை 10 மணி நமக்கு இரவு 10.30. அப்புறம் அங்கே எல்லாமே ஜூரியை, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவை நோக்கிய பேச்சு. இந்தியாவில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. பன்னிரண்டு பேர் முகத்தைப் பார்த்து உருக்கமாகப் பேசிப் பழகியவர்கள், தட்டச்சரிடம் சாட்சியத்தை வரி வரியாகச் சொல்லிப் பதிவு செய்யும் நம் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் நின்றால் முழிப்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு ஏற்கெனவே முடிவான வீடு என்றால் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வட இந்தியக் கோடைப் பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விடுதி நன்றாக இருக்கும், சில பேராசிரியர் உரைகள் உண்மையிலேயே நன்றாக இருக்கும், கடைசி நாளில் ஒரு மூட் கோர்ட் வைப்பார்கள். அந்தக் கல்லூரியிலேயே சேர நினைக்கும் பிள்ளைக்கு இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த எண்ணம் இல்லாத பிள்ளையை, மதுரை வெயில் போதாதென்று மே மாதத்தில் டெல்லிப் பக்கம் அனுப்புவதில் அர்த்தமில்லை.

கிளாட் வகுப்பை நான் குறை சொல்லவில்லை. அது சட்டப் பயிற்சி என்று நினைத்துச் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன். தேர்வு இப்போது 2 மணி நேரத்தில் 120 கேள்விகள்; தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டம் சார்ந்த பகுத்தறிதல், தர்க்கம், கொஞ்சம் கணக்கு, எல்லாமே பத்தியைப் படித்து விடை சொல்வது. முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேகமாக ஆங்கிலம் படிக்கும் பழக்கம்தான் பாதித் தேர்வு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அதற்கே ஓர் ஆண்டு வேண்டும். தேர்வு டிசம்பரில் வருவதால் பிளஸ் ஒன் முடிந்த கோடையில் தொடங்குவது சரியான நேரமும்கூட. தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை ஒரு சாட்சியைக்கூடப் பார்க்காது.

இனி நான்காவது. குற்றவியல் நீதிமன்றம் பொதுவாகத் திறந்த நீதிமன்றம். இடம் இருந்தால் யாரும் உள்ளே போய் உட்காரலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது. பாலியல் குற்ற வழக்குகள், போக்சோ வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். அங்கே போக முடியாது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குக் காலை 10 மணிக்குள் போய்விட்டால் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுவதிலிருந்து பார்க்கலாம். அதில் பெரும்பாலானவை வாய்தாவில் முடியும். முதல் நாள் பிள்ளைக்கு வெறுத்துவிடும். அது நல்லதுதான், ஜூனியர் வக்கீலின் நாளில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. சாட்சி விசாரணை தொடங்கினால் நிலைமை மாறும். போலீசிடம் சொன்னது ஒன்று, கூண்டில் சொல்வது ஒன்று என்று வக்கீல் முரணைப் பிடிப்பது, சாட்சி பிறழ்வது, எல்லாம் தமிழில், மதுரைத் தமிழிலேயே நடக்கும். ஆங்கிலத்துக்குப் பயந்து சட்டம் வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சி ஒன்றே போதும்.

இதற்கும் நாள்காட்டித் தொல்லை உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மே மாதம் விடுமுறை. விடுமுறைக் கால அமர்வு மட்டும் நடக்கும். உரிமையியல் நீதிமன்றங்களும் மூடியிருக்கும். நடுவர் நீதிமன்றங்களை நம்பித்தான் மே மாதம். தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசி வாரத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாமே திறந்திருக்கும். 2004 ஜூலையில் தொடங்கிய கிளை, ஒத்தக்கடைப் பக்கம் மேலூர் சாலையில் இருக்கிறது. அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்கித்தான் நுழைய வேண்டும். தெரிந்த வக்கீல் ஒருவர் கூட இருந்தால் அலைச்சல் மிச்சம். அங்கே வாதம் ஆங்கிலத்தில், சாட்சி கிடையாது. மாதிரி விசாரணைக்கு அது உதவாது, மூட் கோர்ட்டுக்கு உதவும். அந்த வகை வாதத்தை வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் 2022 முதல் நேரலையில் வருகின்றன.

பார்த்ததைச் செய்து பார்க்கப் பள்ளி வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வேலைகளில் சட்ட விழிப்புணர்வும் ஒன்று. தலைமை ஆசிரியர் கடிதம் கொடுத்து ஒரு வழக்கறிஞரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் நடுவராக வந்து உட்காரக் கூப்பிட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள். வழக்குக் கட்டு நாமே எழுதுவதுதான்: நான்கு வாக்குமூலம், ஒரு வரைபடம், வேண்டுமென்றே விட்ட இரண்டு முரண்கள். ஜெராக்ஸ் செலவும் டீச் செலவும்தான்.

இதன் பெரிய ஓட்டை, யாரும் பொறுப்பில்லாதது. ஓர் ஆசிரியரோ, சொந்தத்தில் ஒரு வக்கீல் மாமாவோ விடாமல் பின்னால் நின்றால்தான் நடக்கும். அந்த ஆள் கிடைக்காத வீட்டில் இது மே முதல் வாரத்திலேயே செத்துப்போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பணம் கட்டிச் சேரும் ஒழுங்கான ஆன்லைன் வகுப்பே மேல்.

எந்த முகாமாக இருந்தாலும் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "என் பிள்ளை மொத்தம் எத்தனை நிமிடம் நின்று சாட்சியைக் கேள்வி கேட்கும்?" எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர், பிள்ளை இரண்டு தரப்பிலும் வாதாடுமா, வழக்குக் கட்டை முன்கூட்டியே அனுப்புவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். இதற்கு நிமிடக் கணக்கில் பதில் சொல்லாமல், சிறப்பு விருந்தினர் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்.