ஏரிச்சாலைக் குதிரைகளுக்குக் கொழுப்புச் சேர்த்த குச்சித் தீவனம்: நான்கு மாத அனுபவம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் என் இரண்டு குதிரைகளுக்கும், அரிசித் தவிடும் தவிட்டெண்ணெயும் சேர்த்த குச்சித் தீவனத்தை வத்தலக்குண்டில் வாங்கி, நான்கு மாதங்களாகக் கொடுத்து வருகிறேன். மூட்டையில் கொழுப்பு 8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உலர்ந்த புல்லில் 2 அல்லது 3 சதவீதம்தான் இருக்கும்.

சீசனில் நாள் முழுவதும் உழைத்து மெலியும் குதிரைக்குக் கொள்ளையும் மக்காச்சோளத்தையும் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து அமிலமானால், கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரக்கூடும். கொழுப்போ மாவுச்சத்தைப் போல இரண்டேகால் மடங்கு ஆற்றல் தருவது. ஆகவே குறைந்த அளவே போதும்.

குதிரைக்குப் பித்தப்பை இல்லை, அதற்கு எண்ணெய் ஆகாது என்று எங்கள் லாயத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பித்தப்பை இல்லாதது உண்மைதான். ஆனால் ஓயாமல் மேயும் உயிர் என்பதால், அதன் கல்லீரலிலிருந்து பித்தநீர் இடைவிடாமல் சிறுகுடலில் இறங்குகிறது. அதனோடு கணையநீரும் சேர்ந்து, பழகிய குதிரைக்குக் கொழுப்பை நன்றாகவே செரிக்க வைக்கிறது. பழகுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அந்த ஒன்றை மூட்டையில் எங்குமே எழுதவில்லை. நாளொன்றுக்கு 2 கிலோ என்று மட்டும் இருந்ததை நம்பி, முதல் நாளே கொள்ளை நிறுத்திவிட்டு முழு அளவும் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில், உருண்டை உருண்டையாக விழவேண்டிய இலத்தி, மாட்டுச் சாணம் போலக் குழைந்து, மேலே எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்தது. செரிக்காத கொழுப்பு பெருங்குடல்வரை போனால், புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் கெடும். உடனே நிறுத்திவிட்டு, வயிறு சரியான பிறகு 200 கிராமில் தொடங்கி, மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வந்தேன். அதன்பின் ஒரு நாளும் இலத்தி குழையவில்லை. இரண்டாம் மாதத்தில் விலா எலும்புகள் மறைந்து, பெண் குதிரையின் முதுகு ரோமம் வெயிலில் மின்னத் தொடங்கியது.

தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதை ஈடுகட்டச் சுண்ணாம்புச் சத்தும், கொழுப்போடு தேவை கூடும் வைட்டமின் ஈயும் சேர்த்திருப்பதைப் பாராட்டுகிறேன். வெறும் தவிட்டை அள்ளிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். விலை கொள்ளைவிடக் கூடுதல்தான், ஆனாலும் தகும்.

பையைத்தான் மாற்றவேண்டும். உள்உறை இல்லாத சாக்கு எங்கள் மலை ஈரத்துக்குத் தாங்காது. மழை நாட்களில் பிரித்து வைத்த ஒரு மூட்டை, ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடித்தது. பெண் குதிரை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மூட்டையைக் கொட்டிவிட்டேன். இப்போது மூன்று வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் வாங்கி, மூடியுள்ள டிரம்மில் வைக்கிறேன்.