கைச்சோப்புக்கு விலை: மூன்று கணக்கு, ஒரே ஈடு

வீட்டில் சோப்பு போட்டு விற்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் விலை வைக்கிறார்கள். சரக்கு விலையை மூன்றால் பெருக்குவது ஒன்று. கூலி வரை சேர்த்து அடக்க விலை போடுவது இன்னொன்று. பக்கத்து ஸ்டாலைப் பார்த்து வைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஈட்டில், அதாவது ஒரு தடவை கலந்து ஊற்றும் சோப்பில், உரசிப் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம், தவிட்டு எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் நிற்கிற அளவுக்குக் காஸ்டிக் சோடா 150, டிஸ்டில்டு வாட்டர் 300, வாசனைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் 30. மொத்தக் கலவை 1,480 கிராம். தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் சரக்குச் செலவு சுமார் 370.

இதில் எத்தனை கட்டி? 14 என்று எழுதுகிறவர்கள் இங்கேயே தவறுகிறார்கள். 100 கிராமாக வெட்டிய கட்டி ஆறு வாரம் காய்ந்தபின் 90-க்குக் கீழே இறங்கிவிடும். உறையில் 100 கிராம் என்று அச்சடித்திருந்தால் அது எடைக்குறைவு. எடை அளவைச் சட்டம் கைவேலை என்று சலுகை தராது. ஆகவே 115 கிராமாக வெட்ட வேண்டும், 12 கட்டிதான் தேறும். மிஞ்சும் துண்டு சோதனைக்கு. கட்டிக்குச் சரக்கு 31 ரூபாய். பட்டர் பேப்பர், அட்டைப்பெட்டி, லேபிளுக்கு 12. ஆக 43.

மூன்றால் பெருக்கினால் 129. பெட்டியை மறந்து 31-ஐப் பெருக்குவதே வழக்கம், அப்போது 93.

அடக்கக் கணக்கு வேறு மாதிரி வரும். எடை போட்டுக் கலந்து ஊற்ற ஒன்றரை மணி நேரம், வெட்ட அரை மணி, பாத்திரம் கழுவிப் பெட்டியில் போட ஒரு மணி. மணிக்கு 100 ரூபாய் கூலி வைத்தால் மூன்று மணிக்கு 300, கட்டிக்கு 25. கரண்ட், மோல்டு தேய்மானம், கையுறை, லைசென்ஸ் செலவில் ஒரு பங்கு என 8. மொத்தம் 76. லாபத்துக்கு 24 சேர்த்தால் 100. கடைக்காரர் 35 சதவீதம் எடுத்துக்கொள்வார் என்றால் 100-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும்: எம்.ஆர்.பி. 154. (நூற்றோடு 35-ஐக் கூட்டி 135 போட்டால் கையில் நிற்பது 88 கூட இல்லை.)

இப்போது முதல் கணக்கைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். 129-இல் கைக்கு வருவது 84; அடக்கம் போக 8 ரூபாய். 93-இல் வருவது 60, கட்டிக்கு 16 ரூபாய் நஷ்டம். நேரடி விற்பனைக்கு மட்டும் ஓடும் வாய்பாடு அது.

ஸ்டாலில் 100, கடையில் 154 என்று இரண்டு விலை வைப்பதும் ஆகாது. தெரிந்த அன்றே கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புவார்.

பக்கத்து விலையில் பெரிய பள்ளம், பக்கத்தில் இருப்பது என்ன சோப்பு என்று தெரியாததுதான். ரெடிமேட் பேஸை (ஏற்கெனவே தயாரான சோப்புக் கட்டியை) உருக்கி ஊற்றுகிறவருக்குக் கூலி நிமிடக் கணக்கு, மறுநாளே விற்பனை. உங்கள் பணமோ ஆறு வாரம் அலமாரியில் காய்கிறது. அவருடைய 80 ரூபாயைப் பார்த்து நீங்களும் 80 வைத்தால் நேரடி விற்பனையிலேயே அடக்கம் போக 4 ரூபாய்தான் மிஞ்சும். அந்த விலையிலிருந்து ஒன்றுதான் தெரியும்: அந்தச் சந்தையில் 154 போகுமா, போகாதா. போகாதென்றால் லாபத்தை வெட்டி விலையைக் குறைக்காதீர்கள், ஈட்டைப் பெரிதாக்கி அடக்கத்தைக் குறையுங்கள். இரண்டு கிலோ எண்ணெய்க்கு ஆறு மணி ஆகாது, நாலு மணி போதும். கட்டிக்குக் கூலி 25-லிருந்து 17-க்கு இறங்கும்.

ஃபேஸ் கிரீமுக்கு இதே கணக்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம். தண்ணீர் கலப்பதால் பிரிசர்வேட்டிவும் கிருமிச் சோதனைக் கட்டணமும் சேரும். ஜி.எஸ்.டி.யும் வேறு: சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், கிரீமுக்கு 18. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்கள் வாங்கும் சரக்கின் வரியைத் திரும்பப் பெற முடியாது; அதையும் செலவில் ஏற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் ஒரு கட்டிக்கு உண்மையில் ஏறுவது 4 ரூபாய் சில்லறை. அடக்கக் கணக்கில் எம்.ஆர்.பி. ஆறரை ரூபாய் கூடும். மூன்றால் பெருக்குகிறவர் பன்னிரண்டரை ரூபாய் ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பார்.