நீரும் காலநிலையும்: எங்கள் பள்ளியில் நடந்த மாணவர் பட்டறை பற்றி

பினாங்குத் தீவிலுள்ள எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காக நீர்வளமும் காலநிலை மாற்றமும் குறித்த அரைநாள் பட்டறை ஒன்றை அண்மையில் ஏற்பாடு செய்திருந்தது. சுற்றுச்சூழல் கல்வி வழங்கும் தனியார் குழுவொன்று அதைத் தமிழிலேயே நடத்தியது. கட்டணம் மாணவர் ஒருவருக்கு 20 ரிங்கிட். மற்றப் பள்ளிகளும் இக்குழுவை அழைக்க எண்ணுவதாகத் தெரிவதால், உடனிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு பட்டறை தொடங்கியது. பிள்ளைகளில் பலர் ஆயர் ஈத்தாம் அணையைச் சொன்னார்கள். 1962இல் திறக்கப்பட்ட அந்த அணையும் பின்னர் வந்த தெலுக் பஹாங் அணையும் தீவுக்குத் துணைநிற்பவை என்றாலும், பினாங்கின் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்தே வருகிறது என்பதையும், கெடாவின் உலு மூடா காடுகளில் ஊறும் நீர் பெருநிலத்தில் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டுக் கடலடிக் குழாய்களின் வழியே தீவை அடைகிறது என்பதையும் பெரிய வரைபடத்தில் விரலால் தொடரச் செய்தார்கள். அண்டை மாநிலக் காட்டை வெட்டினால் நம் வீட்டுக் குழாய்க்கு என்ன ஆகும் என்று ஒரு மாணவி தானாகவே கேட்டாள். அந்தக் கேள்வி எழுந்ததே பட்டறையின் முதல் வெற்றி.

அதற்கு விடையாக இரண்டு தட்டுகளைச் சாய்த்து வைத்தார்கள். ஒன்றில் புல் வேரூன்றிய மண், மற்றதில் வெறும் மண். பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றியபோது, வெறும் மண்ணிலிருந்து தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்தில் நீர் உடனே வழிந்தோடியது. புல் தட்டோ நெடுநேரம் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீரை விட்டது. வெள்ளமும் வறட்சியும் ஒரே சரிவில் எப்படிப் பிறக்கின்றன என்பதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது.

வீட்டுப்பாடமும் நன்று. நீர் மீட்டரை இரு நாள்கள் ஒரே நேரத்தில் படித்து, வித்தியாசத்தை ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர் என்று கணக்கிட்டு, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வீட்டுப் பயன்பாட்டில் பினாங்கு நெடுங்காலமாக நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே இது பெற்றோருக்குமான பாடம். எங்கள் வீட்டில் கழிவறைத் தொட்டியில் சாயம் கலந்து பார்த்த பிறகுதான், யாரும் திறக்காமலே நீர் கசிவது தெரிந்தது.

காலநிலைப் பகுதிதான் ஏமாற்றம் தந்தது. உருகும் துருவப் பனியும் வெடித்த ஆப்பிரிக்க நிலமும் திரையில் வந்து போயின. பிள்ளைகளின் கவனமும் உடன் போயிற்று. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும், ஆகவே பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும் என்பதை பினாங்கின் 2017 நவம்பர் வெள்ளப் படங்களோடு சொல்லியிருக்கலாம். வெள்ளத்தைப் பார்த்த அண்ணன், அக்கா பல வீடுகளில் இருக்கிறார்கள். மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் அணை மட்டம் இறங்குவதையும், கடல்மட்டம் உயர உயர உப்புநீர் ஆற்று முகத்தில் ஏறும் அபாயத்தையும் அதே வரைபடத்தில் காட்டியிருக்கலாம். தட்டுச் சோதனையை அவ்வளவு கருத்தாகச் செய்தவர்கள் இதில் ஆயத்தப் படங்களை நம்பியது வருத்தமே. நான் சொன்னபோது நடத்துநர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கொடுத்த பணத்திற்கு முதற்பகுதி ஒன்றே தகும். அழைக்கும் பள்ளிகள் உள்ளூர்ப் படங்களை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். தட்டுகள் குறைவு என்பதால் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புக்கு மேல் அமர்த்த வேண்டாம். வகுத்தல் கணக்கில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் திணறியதால், மீட்டர் தாளை ஐந்தாம் ஆண்டு முதல் கொடுப்பதே பொருத்தம்.